குதிக்காத ஆடுகளும் தாய்மாமன் காப்பியும்

உங்கள் மேலாளர் என்னை இங்கே அழைத்தபோது, புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்கு 'வாடிக்கையாளரிடம் பேசுவது எப்படி' என்று அரைமணி நேரம் சொல்லச் சொன்னார். உங்களுக்கெல்லாம் ஒரு கையேடு கொடுத்திருக்கிறார்களே, அதை நானும் புரட்டிப் பார்த்தேன். எப்படிச் சிரிக்க வேண்டும் என்பதற்கே ஒரு பத்தி இருக்கிறது. பேசுவதைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல அதில் ஒன்றும் பாக்கி வைக்கவில்லை. அதனால் நான் பேசிக் கெடுத்த ஒரு காரியத்தைச் சொல்கிறேன். நீங்கள் மிக்ஸியும் குக்கரும் செய்து காட்டப் போகிறவர்கள். நான் காப்பி செய்து காட்டப் போனவள். பொருள்தான் வேறு. அகப்பட்டுக்கொள்வது எல்லாம் ஒரே மாதிரிதான்.

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது. அப்போது ஒசூர் சேலம் ஜில்லாவில் இருந்தது. ஒரு வறுவல் இயந்திரம், ஒரு அரவை இயந்திரம், ஒரு மேனேஜர், இவ்வளவுதான் எங்கள் கம்பெனி. மைசூர்ப் பக்கத்து மலைகளிலிருந்து கொட்டை வரும், பொடியாகிப் போகும். பெங்களூருக்குப் போன பொடி விற்றது. கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போன பொடி அப்படியே திரும்பி வந்தது. அங்கே காலையில் களி, வெயிலில் மோர். காப்பிக்கு எந்த வேளையும் காலியாக இல்லை. அதனால் வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்குக் காப்பி போடக் கற்றுக்கொடுக்க ஒரு பெண் வேண்டும் என்று மேனேஜர் முடிவு செய்தார். எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டுச் சும்மா இருந்த நான் அந்த வேலைக்குப் போனேன். எங்கள் வீட்டிலும் யாரும் காப்பி குடித்ததில்லை என்பதை நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

ஒரு வாரம் பயிற்சி. ஒரு தகரப் பெட்டி கொடுத்தார்கள். அதில் ஒரு பித்தளை பில்டர், பம்ப் ஸ்டவ், மாதிரிக்காகப் பொடி அடைத்த சின்ன டப்பா ஒன்று, ஒரு துண்டுப் பிரசுரம். முதலில் காப்பியின் வரலாறு, பிறகு உடம்புக்கு அதனால் உண்டாகும் நன்மைகள், கடைசியில் செய்முறை என்று பிரசுரத்தில் மூன்று பகுதி. மூன்றையும் மனப்பாடம் செய்தேன். கிளம்பும்போது மேனேஜர் ஒரே ஒரு உபதேசம் செய்தார். யார் என்ன கேட்டாலும் உடனே பதில் வர வேண்டும், தெரியாது என்று சொன்ன இடத்தில் வியாபாரம் செத்துப்போகும் என்றார். அதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி அடிக்கோடு போட்டு வைத்தேன். இன்றைக்கு அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு உங்களிடம் பேசலாம் என்றுதான் வந்திருக்கிறேன்.

மத்தூருக்கு இந்தப் பக்கம் ஒரு கிராமம். அங்கிருந்து லட்சுமம்மா என்று ஒரு அம்மாள் தானே பஸ் ஏறி எங்கள் கம்பெனிக்கு வந்தார். நிலபுலம் உள்ள குடும்பம். மகள் சரோஜாவுக்குப் பெங்களூரில் இடம் கூடி வந்திருந்தது. பையன் நல்லவன், வீடு நல்ல வீடு, தடையாக இருந்தது ஒருவர் மட்டும்தான். பையனின் தாய்மாமன். ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்று, தங்கை வீட்டோடு இருப்பவர். பெண் பார்க்க வந்த அன்றைக்கு இவர்கள் எல்லோருக்கும் மோர் கொடுத்திருக்கிறார்கள். அந்த மனிதர் டம்ளரைத் தொடாமலே, காப்பி தெரியாத வீட்டில் பெண் எடுத்தால் நாளைக்கு நம் வீட்டுக் காப்பி என்ன ஆவது என்று கேட்டுவிட்டாராம். மற்றவர்கள் சமாதானம் சொல்லி நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள். ஆனால் அன்றைக்குத் தாம்பூலம் மாற்றுவதற்கு முன்னால் காப்பி வரும், அதைக் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் அவர் தலையசைப்பார் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"அவரு ஒத்துக்கலைன்னா தாம்பாளத்தத் திருப்பிக்கினு போயிடுவாங்க. நீங்க வந்து கூட நில்லுங்க, அது போதும்" என்றார் லட்சுமம்மா.

மேனேஜர் இரண்டு ராத்தல், ஏறக்குறைய ஒரு கிலோ, பொடியைத் தனியாக டப்பாவில் அடைத்துக் கொடுத்து என்னை அனுப்பிவைத்தார்.

முதல் நாள் சாயங்காலமே போய்ச் சேர்ந்தேன். ஊரே கூடியிருந்தது. என்னைக் 'காப்பி டீச்சர்' என்று அறிமுகப்படுத்தினார்கள். டீச்சர் என்று கேட்டதும் எனக்குத் தலை கொஞ்சம் கனத்துவிட்டது. வரலாற்றிலிருந்து ஆரம்பித்தேன். அபிசீனியா தேசத்தில் ஒருவன் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தான், அவன் ஆடுகள் ஒரு செடியின் சிவப்புப் பழத்தைத் தின்றுவிட்டு நாளெல்லாம் குதித்துக் கும்மாளம் போட்டன, அதைப் பார்த்துத்தான் மனிதர்கள் காப்பியைக் கண்டுபிடித்தார்கள் என்றேன். பிறகு ஒரு பக்கிரி ஏழு கொட்டைகளை ஒளித்துக் கொண்டுவந்து மைசூர் மலையில் நட்ட கதையையும் சொன்னேன். பக்கிரி யாருக்கும் பிடிபடவில்லை. ஆடு எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று.

பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். லட்சுமம்மாவின் கொழுந்தனார், மாரப்பன் என்று பெயர், நாற்பது ஆடு வைத்திருந்தார். அதிகம் பேசாத மனிதர். ஒன்றைக் கேட்டால் மனதில் போட்டு வைத்துக்கொண்டு செய்து பார்க்கிற ரகம் என்று எனக்கு அப்போது தெரியாது.

"எங்க ஆடும் குதிக்குமா, டீச்சரம்மா?" என்று கேட்டார்.

உண்மையில் எனக்குத் தெரியாது. ஆனால் உடனே பதில் வர வேண்டுமே. "கட்டாயம் குதிக்கும்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு என்னை நிறுத்த யாரும் இல்லை. தலைவலிக்கு நல்லதா என்று ஒரு அம்மாள் கேட்டார், நல்லது என்றேன். அது பிரசுரத்திலேயே இருந்தது. முட்டிவலிக்கு என்று அடுத்தவர் கேட்டார், அதற்கும் நல்லது என்றேன். அது எதிலும் இல்லை. பல் கூச்சம், பித்தம், பயந்து அலறும் குழந்தை என்று வரிசையாக வந்தது, வரிசையாகக் குணப்படுத்தினேன். கடைசியில் ஒருவர் தன் மாமனாருக்கு இரண்டு காதும் கேட்கவில்லை என்றார். போகப்போகக் கேட்கும் என்றேன். பக்கத்திலிருந்த மாமனார் என்ன சொன்னேன் என்று மருமகனிடம் விசாரித்தார்.

மறுநாள் காலை குளித்துவிட்டுச் சாமான் அறைக்குப் போனால், பொடி டப்பா காலியாகத் திறந்து கிடந்தது. அடுப்படியைப் பார்த்துக்கொண்டவர் வெங்கடம்மா, லட்சுமம்மாவின் நாத்தனார். கிருஷ்ணகிரிக்கு அந்தப் பக்கம் தெலுங்கு பேசும் ஊரில் வாழ்க்கைப்பட்டு, விசேஷத்துக்காக வந்திருந்தவர். டப்பாவைப் பார்த்ததும் அவர், விடியற்காலையில் மாரப்பன் அதை எடுத்துக்கொண்டு ஆட்டுப்பட்டிப் பக்கம் போனதாகவும், டீச்சரம்மா சொன்ன வேலை என்றதால் தான் தடுக்கவில்லை என்றும் சொன்னார்.

ஓடினேன். தொட்டி நிறையத் தவிட்டுத் தண்ணீர், கறுப்பாக, கமகமவென்று. நாற்பது ஆடுகளும் அதற்கு முதுகைக் காட்டி நின்றிருந்தன. மாரப்பன் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொறுங்க டீச்சரம்மா. ஒவ்வொண்ணும் ஒரு வாய் வெச்சிருக்குது. இன்னும் ஏறல போல" என்றார்.

அந்த இடத்தில் நான் இரண்டு நிமிஷம் நின்று, நான் சொன்னது தப்பு, இனி பார்க்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது, அவசரமாகவும் இருந்தது. அவரை அப்படியே ஆடுகளோடு விட்டுவிட்டு அடுப்படிக்குத் திரும்பி ஓடினேன். நீங்களும் ஒருநாள் இப்படி ஓடுவீர்கள். அந்த இரண்டு நிமிஷத்தை மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

மாப்பிள்ளை வீட்டார் முப்பது பேர், வர ஒரு மணி நேரம்தான் இருந்தது. என் பெட்டியிலிருந்த மாதிரி டப்பாவில் ஏழெட்டு டம்ளருக்குத்தான் பொடி. மத்தூரில் எந்தக் கடையிலும் காப்பிப் பொடி கிடையாது, அதனால்தானே நான் அங்கே போனேன். லட்சுமம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்திருக்கும்.

வெங்கடம்மாதான் வழி கண்டுபிடித்தார். காப்பி எப்படி இருக்கும் என்று என்னைக் கேட்டார். கறுப்பாக, கசப்பாக, கருகின வாசனையோடு இருக்கும் என்றேன். "ராகிய கறுக்கற மட்டும் வறுத்தா அப்படித்தானே இருக்கும், அம்மாயி" என்றார், தெலுங்கில் பெண்ணே என்று கூப்பிடுகிற மாதிரி. அப்புறம் கேள்வியே இல்லை. ஒருவர் வறுக்க, இருவர் இடிக்க, நான் துணியில் வடிகட்ட, பால் ஊற்றி வெல்லம் போட்டு ஒரு அண்டா நிறையத் தயாராகிவிட்டது. வாசனைக்காக என் பொடியில் ஒரு கரண்டி எடுத்து மேலே தூவினேன். நிஜக் காப்பி ஆறு டம்ளர் மட்டும் பில்டரில் இறக்கினேன். அந்த வீட்டில் வெள்ளி டம்ளர் சரியாக ஆறுதான் இருந்தன. அவற்றில் நிஜக் காப்பியை ஊற்றி, தாய்மாமனுக்கும் பையனுக்கும் பெரியவர்களுக்கும் வெள்ளி, மற்ற எல்லோருக்கும் பித்தளை என்று வெங்கடம்மாவுக்குச் சொல்லி அனுப்பினேன். திட்டத்தில் எந்த ஓட்டையும் எனக்குத் தெரியவில்லை. கதவிடுக்கில் நின்று பார்த்தேன்.

தாய்மாமன் ஒல்லியான, விறைப்பான மனிதர். ஏற்கெனவே காப்பியைப் பற்றிப் பேசிக்கொண்டுதான் இருந்தார். வெளியில் எங்கேயும் தான் காப்பியைத் தொடுவதில்லை, வீட்டுக் காப்பி ஒன்றுதான் காப்பி என்றார். காப்பி குடித்தால் தூக்கம் கெடும் என்பதெல்லாம் காப்பி தெரியாதவர்கள் பேச்சு, நல்ல காப்பி குடித்தால்தான் படுத்ததும் தூக்கம் வரும், தனக்கு அப்படித்தான் என்றார். காப்பி தூக்கத்தை விரட்டும் என்று பிரசுரத்தில் இருப்பதற்கு நேர் எதிராக இருக்கிறதே என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது வெங்கடம்மா தட்டை நீட்டினார். அவர் வெள்ளி டம்ளரைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். வெள்ளி காப்பியின் ருசியைத் தின்றுவிடும், காப்பிக்குப் பித்தளைதான் என்று சொல்லி, அந்த டம்ளரைத் தங்கை புருஷன், அதாவது பையனின் அப்பா, கையில் கொடுத்துவிட்டு, பக்கத்துத் தட்டிலிருந்து ஒரு பித்தளை டம்ளரை எடுத்துக்கொண்டார்.

ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார்.

"சென்னாகிதெ" என்றார், கன்னடத்தில் நன்றாக இருக்கிறது என்று. பிறகு எல்லோருக்கும் புரிய வேண்டும் என்று, "அப்படியே எங்க வீட்டுக் காப்பி" என்றார்.

லட்சுமம்மா அடுப்படியில் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார். போட்ட ஆளைப் பார்க்க வேண்டும் என்று தாய்மாமன் சொல்ல, என்னைக் கூடத்துக்குத் தள்ளினார்கள். கொட்டை எந்த மலை என்று கேட்டார். சிக்மகளூர் மலையின் மேற்குச் சரிவு என்றேன். அவர் இன்னொரு வாய் குடித்துவிட்டு, கிழக்குச் சரிவு என்றார். ஆமாம், கிழக்குதான் என்றேன். அவருக்குப் பக்கத்தில் பையனின் அப்பா வெள்ளி டம்ளரில் ஒரு வாய் குடித்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் அதைக் கீழே வைத்தார்.

அந்த நேரத்தில் மாரப்பன் உள்ளே வந்தார். ஒரு கிடாவையும் கையில் பிடித்துக்கொண்டு வந்திருந்தார், நான் நேரில் பார்த்துக்கொள்ளட்டும் என்று.

"டீச்சரம்மா, வெயிலு ஏறியும் பாத்துட்டேன். ரெண்டு ராத்தல் பொடியும் தொட்டியிலதான் இருக்குது, ஒண்ணுகூட குதிக்கல. காப்பிக்கு ராகிதான் வறுத்தீங்கன்னு சொன்னாங்க. அது போதுங்களா, இன்னொரு மூட்டை கொண்டாரட்டா?"

அவர் கேலி பேசவில்லை. உதவி செய்ய வந்திருந்தார்.

கிடா கோலத்தை மோந்து பார்த்தது. தாய்மாமன் தன் டம்ளருக்குள் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "இதுல என்னம்மா இருக்குது?" என்றார்.

ஒரு பொய் என் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. அவர் மாட்டுத் தீனியைப் பற்றிச் சொல்கிறார் என்று சொல்லலாம். மாரப்பனுக்குக் கொஞ்சம் புத்தி போதாது என்று காட்டிக்கொள்ளலாம். இரண்டும் எடுபட்டிருக்கும். ஆனால் அந்த மனிதர் முகத்தில் ஒரு குற்றமும் இல்லை. நான் சொன்னதை நம்பி விடியற்காலையிலிருந்து ஆடுகளுக்கு எதிரில் உட்கார்ந்திருந்தவரை, முப்பது பேர் நடுவில், அதுவும் அவர் வீட்டிலேயே, பைத்தியக்காரர் ஆக்க எனக்கு வாய் வரவில்லை. தவிர, சரோஜா என்ற பெண்ணை நான் இன்னும் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. அவள் வாழ்க்கை முழுக்க நான் சொல்லப்போகிற பொய்யின் மேல் உட்கார்ந்திருக்க வேண்டுமா என்றும் தோன்றியது.

"ராகிங்க, ஐயா" என்றேன். "வறுத்து வெல்லம் போட்டது. நீங்க வேண்டாம்னு குடுத்த வெள்ளி டம்ளர்லதான் காப்பி இருக்குது. ஆடு குதிக்கும்னு சொன்னது நான்தான். குதிக்குமான்னு எனக்கு நிஜமாவே தெரியாது. மலையும் தெரியாது, சரிவும் தெரியாது."

அவர் எழுந்தார். மேல்துண்டை உதறித் தோளில் போட்டார். அவர் எழுந்ததும் இன்னும் நாலைந்து பேர் எழுந்தார்கள். தாம்பாளங்கள் மாற்றப்படாமல் நடுவில் அப்படியே இருந்தன. அடுப்படிக் கதவுக்குப் பின்னால் யாரோ விம்மும் சத்தம் கேட்டது. எனக்கும் அழுகை வந்துவிடும் போலிருந்தது. அப்போது பையனின் அம்மா, அதுவரை ஒரு பேச்சும் பேசாதவர், இருந்த இடத்திலிருந்தே சொன்னார்:

"அண்ணா, உக்காரு. ஆறு வருசமா நம்ம வீட்ல நீ குடிக்கிறதும் ராகிதான்."

அவர் உட்காரவில்லை. அந்த அம்மாள் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நிதானமாக எல்லாவற்றையும் சொன்னார். ஆறு வருஷத்துக்கு முன் அண்ணன் தூக்கமே இல்லாமல் வீடெல்லாம் நடந்துகொண்டிருந்தாராம். அவரோடு சேர்ந்து வீட்டில் இருந்த எல்லோருக்கும் தூக்கம் போயிற்றாம். டாக்டர் காப்பியை நிறுத்தச் சொன்னாராம். அண்ணன் டாக்டரை நிறுத்திவிட்டாராம். வேறு வழியில்லாமல் தங்கை ராகியை வறுத்துப் பொடி செய்து காப்பி டப்பாவில் போட்டு வைத்தார். அன்றிலிருந்து வீட்டில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

"டாக்டரு சொன்ன அன்னிக்கேவா?" என்று கேட்டார் அண்ணன்.

"அன்னிக்கு சாயங்காலமே."

அண்ணன் குனிந்து, தங்கை புருஷன் கீழே வைத்திருந்த வெள்ளி டம்ளரை எடுத்து, அதிலிருந்த நிஜக் காப்பியை ஒரு வாய் குடித்தார். ஆறு வருஷத்துக்குப் பிறகு முதல் வாய். முகம் அப்படியே சுருங்கிவிட்டது. டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார், உட்கார்ந்தார், மேல்துண்டை மடித்து மடியில் வைத்தார்.

"அந்த ராகியே இன்னொரு டம்ளர் குடுங்க" என்றார்.

முதலில் சிரித்தவர் பையனின் அப்பாதான். அடக்கி அடக்கிப் பார்த்து முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்புறம் கூடமே சிரித்தது. தாம்பூலம் மாற்றினார்கள். அண்டா காலியானது. காது கேட்காத மாமனார் இரண்டு டம்ளர் வாங்கிக் குடித்துவிட்டு, நேற்றைக்கு இன்றைக்குப் பரவாயில்லை என்றார்.

அவர்கள் வண்டி ஏறிப் போனதும் நான் நேராகப் பட்டிக்குப் போனேன். காலையில் சொல்லாத இரண்டு நிமிஷப் பேச்சை மாரப்பனிடம் அப்போது சொன்னேன். அந்தக் கதை நான் படித்தது மட்டும்தான், பார்த்ததில்லை, என்னை மன்னித்துக்கொள்ள வேண்டும் என்றேன். அவர் முகம் தெளிந்துவிட்டது. "நான் எங்க ஆடுங்க மேலதான் கொறைன்னு நெனச்சுக்கினேன்" என்றார். அன்று முழுக்க அந்த மனிதர் அந்தக் கவலையைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறார். நாம் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறோம். கேட்டவர் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். உங்கள் கையேட்டில் எங்காவது இடம் இருந்தால் இதை எழுதிக்கொள்ளுங்கள்.

பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தபோது சரோஜா அடுப்படிக்கு வந்தாள். காலையிலிருந்து பட்டுப்புடவையில் உட்கார்த்திவைத்திருந்த பெண், பழைய நூல்புடவைக்கு மாறியிருந்தாள். மாதிரி டப்பாவில் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டாள். ஒரு டம்ளருக்கு இருந்தது. கற்றுக்கொடுக்கச் சொன்னாள்.

வழக்கம்போல வரலாற்றிலிருந்து ஆரம்பிக்க வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். தண்ணீர் கொதிக்கட்டும் என்றேன். பொடியை மேல் தட்டில் போட்டு லேசாக அழுத்தச் சொன்னேன், ரொம்ப அழுத்தினால் இறங்காது என்றேன். தண்ணீரை ஊற்றினாள். மூடியை வைத்தாள். அடுத்தது என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாள். ஒன்றும் செய்யக்கூடாது, தானாக இறங்கும்வரை சும்மா இருக்க வேண்டும் என்றேன். இருவரும் தரையில் உட்கார்ந்து சும்மா இருந்தோம். அந்த இரண்டு நாளில் நான் பேசாமல் இருந்தது அவ்வளவு நேரம்தான்.

பாலைக் கலந்து அவள் கையில் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தாள். தாய்மாமன் முகம் போலவே அவள் முகமும் சுருங்கியது. டம்ளரைக் கீழே வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. கொஞ்சம் யோசித்தாள். இன்னொரு வாய் குடித்தாள், அப்புறம் இன்னொரு வாய். அடிமண்டி வரை குடித்து முடித்து, டம்ளரைக் கவிழ்த்தும் பார்த்தாள்.

"அந்தப் பெரியவருக்கு அதே ராகி டப்பா இருக்கட்டும், டீச்சரம்மா" என்றாள். "எனக்குன்னு ஒரு டப்பா தனியா வெச்சுக்கறேன்."